தோட்டத்துத் தமிழரும் மோட்டார் சைக்கிளும் – ஒரு வரலாற்றுப் பார்வை



மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கப்பலைப் பற்றி எழுதுவர்; இரயிலைப் பற்றியும் எழுதுவர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் முன்னோரை ஏற்றி வந்த கப்பல்களுள் ரஜூலாவின் பெயரை இன்றும் முதியோர் சொல்வதுண்டு. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியதே மலாயாவின் முதல் இருப்புப்பாதை. அது நம் பேராக் மாநிலத்தில் அமைந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கப்பலும் இரயிலும் தமிழரைத் தோட்டத்தின் வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தன. ஆனால், அதே தோட்டத்திலிருந்து தமிழரை வெளியே கொண்டுவந்த வாகனம் எது?

இக்கேள்விக்குப் பாடநூல்களில் விடை இல்லை. விடை நம் வீட்டு வாசலில் நிற்கிறது. அதுதான் மோட்டார் சைக்கிள்.

ஈப்போ புந்தோங்கிலோ, சுங்கை சிப்புட்டிலோ, சிம்மோரிலோ, பத்து காஜாவிலோ ஒரு தேநீர்க் கடையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தால் போதும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் வண்டிகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்கலாம். அவர்களிடம் ஒரு நிகழ்ச்சி எந்த ஆண்டில் நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் எண்ணைச் சொல்லமாட்டார்கள். "அது எழுபது வாங்கின வருசம்" என்பார்கள். "மூத்தவளுக்குக் கல்யாணம் பேசும்போது இ.எக்ஸ்.5 வந்துவிட்டது" என்பார்கள். வண்டியே அவர்களுக்கு நாட்காட்டி. பல ஆண்டுகளாக இத்தகைய பேச்சுகளைக் கேட்டுவந்த நான், அவற்றின் பின்னே ஒரு சமூகத்தின் வரலாறு இருப்பதை உணர்ந்தேன். அதனை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைவு என்னும் வேலி

1877இல் கோல கங்சாரில் இரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்குத் தமிழர் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். கங்காணி முறை, கூலி, லயத்து வீடு, கள்ளுக்கடை ஆகியவை பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். ஆனால் தோட்டத்தின் மிக வலுவான வேலி முள்கம்பியால் ஆனதன்று, தொலைவால் ஆனது.

லயத்து வீடு தொழிலாளியின் வீடு அன்று. அது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். வீட்டை விட்டு வெளியே வேலை தேடலாம் என்றாலோ, பட்டணம் எட்டும் தூரத்தில் இல்லை. பால்மரக் காட்டுக்குள் மைல்கணக்கில் செம்மண் சாலை. அதன் முடிவில் பெரிய சாலை. அங்கே எப்போதோ வரும் பேருந்து. கடைக்குப் போக முடியாதவர் தோட்டத்துக் கடையிலேயே கடனுக்கு வாங்கினார். இடைநிலைப்பள்ளிக்குப் போக முடியாத பிள்ளை ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தி, வாளியைத் தூக்கியது. மருத்துவமனைக்குப் போக முடியாதவர் விடியும்வரை காத்திருந்தார். இவை அனைத்துக்கும் வறுமை ஒரு காரணம். ஆனால் கையில் சிறிது காசு இருந்த வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மிதிவண்டி இந்த வேலியைச் சற்றுத் தளர்த்தியது என்பது உண்மையே. ஆயினும் விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, காண்டாவில் பால் வாளிகளைச் சுமந்து களைத்த உடம்பு, அதன் பிறகு பத்து மைல் மிதித்துப் பட்டணம் போய்த் திரும்புவது எளிதன்று. அந்நாளில் தோட்டத்துக்குள் ஓடிய பி.எஸ்.ஏ., நார்ட்டன் போன்ற ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்கள் துரைமாருக்கு உரியவை. அவற்றின் ஓசை கேட்டால் வேலைக்காட்டில் பேச்சு அடங்கும். ஆகவே, தோட்டத்துத் தமிழர் முதன்முதலில் அறிந்த மோட்டார் சைக்கிள், அதிகாரத்தின் ஓசையாகவே அறிமுகமாயிற்று.

பினாங்கில் இறங்கிய சிறுவண்டி

1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் இயந்திரக் கொள்ளளவு 49 சி.சி. மட்டுமே. நிறுவனர் சோய்ச்சிரோ ஹொண்டாவும் அவருடைய பங்காளர் தாக்கியோ புஜிசாவாவும் அதனை உருவாக்கும்போது மனத்தில் கொண்டிருந்தது பந்தயக்காரரை அன்று, சாதாரண மக்களை. ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் ஓட்டிச் செல்லும் கடைப்பையனுக்கும் அது ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது புஜிசாவாவின் விருப்பம் என்பர். அதனால் அவ்வண்டிக்குக் கைக் கிளட்ச் இல்லை. இயந்திரச் சுழற்சியாலேயே இயங்கும் கிளட்ச் பொருத்தப்பட்டது. கியரைக் காலால் மாற்றினால் போதும். செப்பனிடப்படாத சாலையிலும் ஓடத்தக்க 17 அங்குலச் சக்கரங்கள் அமைந்தன. சேறு தெறிக்காதிருக்க முன்புறம் நெகிழிக் கவசம் வைக்கப்பட்டது. வேட்டியோ கைலியோ புடவையோ கட்டியவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமர இடைவெளி விடப்பட்டது.

இவற்றை வரிசையாகப் படிக்கும்போது, பேராக்கின் தோட்டத்துச் செம்மண் சாலையை நேரில் பார்த்துவிட்டுச் செய்த வண்டியோ என்று தோன்றும்! அவர்கள் ஜப்பானியச் சாலைகளைத்தான் பார்த்தார்கள். ஆனால் உழைப்பவரின் தேவை எந்நாட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

அவ்வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. 1915இல் சீனாவின் பூஜியான் மாநிலத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து, பேருந்து கழுவும் வேலையிலிருந்து முன்னேறியவர். ஜப்பானுக்குச் சென்றபோது கண்ட இந்தச் சிறுவண்டியின் மதிப்பை உணர்ந்து, அதன் விநியோக உரிமையைப் பெற்றார். 1995இல் மறைந்த அவருடைய பெயர், பூன் சியூ ஹொண்டா என இன்றும் வழங்குகிறது. கூலியாக வந்த ஒரு சீனர் கொண்டுவந்த வண்டியைக் கூலியாக வந்த தமிழரின் பிள்ளைகள் வாங்கினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெயர்கள் பற்றி ஒரு சொல்

தமிழாசிரியன் என்ற முறையில் பெயர்களைப் பற்றியும் கூற வேண்டும். வகுப்பில் நாம் 'உந்துருளி' என்று சொல்லிக் கொடுக்கிறோம். உந்திச் செல்லும் உருளி, அழகான சொல்லாக்கம். தோட்டத்திலோ அது 'மோட்டோ'. எந்த நிறுவனத்தின் வண்டியாயினும் 'ஹொண்டா' என்று சொன்னவர்களும் உண்டு. இன்று எல்லா இனத்தாரும் வழங்கும் சொல் 'கப்சாய்'. 'கப்' என்பது வண்டியின் பெயர். 'சாய்' என்பது சீனக் கிளைமொழியில் 'சிறியது, குட்டி' என்னும் பொருள் தரும் ஒட்டு. ஆங்கிலத்தில் 'கப்' என்றாலும் குட்டிதான். ஆகக் கப்சாய் என்பது 'குட்டிக்குட்டி'! ஜப்பானியர் வைத்த ஆங்கிலப் பெயர், சீன ஒட்டு, தமிழர் வாய், மலாய்ச் சாலை. இந்நாட்டின் வரலாறு இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது எனில் மிகையாகாது.

முதல் கிராண்ட்

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன்.

நிலத்துக்குரிய பத்திரத்தை மலாய் மொழியில் 'கெரான்' என்பர். நம்மவர் வழக்கில் 'கிராண்ட்'. வண்டியின் பதிவுப் புத்தகத்துக்கும் அதே பெயர்தான். இரண்டும் கிராண்ட். மூன்று தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்து, பிறர் வீட்டில் வாழ்ந்து, தன் பெயரில் ஓரடி மண்ணும் இல்லாதிருந்த குடும்பத்துக்கு, தன் பெயர் அச்சிட்டு அரசாங்க முத்திரையோடு வந்த முதல் கிராண்ட் எது? பல குடும்பங்களில் அது நிலத்துக்கு உரியதன்று. மோட்டார் சைக்கிளுக்கு உரியது.

தோட்டத் தொழிலாளிக்கு நிலம் கிடைக்க முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. ஐம்பதுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அது நம் வரலாற்றின் ஒளிமிக்க பக்கம். எனினும், நாட்டிலுள்ள அத்தனை தோட்டங்களையும் அத்தனை குடும்பங்களையும் அம்முயற்சி எட்ட முடியவில்லை.

அந்நிலையில், முன்பணம் கட்டித் தவணைமுறையில் வாங்கக்கூடியதாக இருந்தது மோட்டார் சைக்கிள். பட்டணத்துத் தவுக்கேயின் கடையில் பிணைக்கு ஒருவரை நிறுத்தி, மாதம் இவ்வளவு வெள்ளி என்று கையெழுத்திட்டு, அல்லது கைநாட்டு வைத்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த வண்டி நேரே கோயிலுக்குப் போகும். முனீஸ்வரர் சன்னிதியில் மாலை சாத்தி, திருநீறு பூசி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிய பிறகே பெரிய சாலைக்கு ஏறும். கிராண்டோ நெகிழிப் பைக்குள் இடப்பட்டு, பிறப்புப் பத்திரத்தோடும் நீல நிற அடையாள அட்டையோடும் ஒரே பெட்டியில் பத்திரப்படுத்தப்படும். ஒரு குடும்பம் தன் பெயரை எங்கெல்லாம் பதித்திருக்கிறது என்பதற்கு அந்தப் பெட்டியே சான்று.

முதியோர் தங்கள் பழைய வண்டியை விற்க மனமின்றி வைத்திருப்பதைப் பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. இரும்புக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்கிடுவதும் உண்டு. அவர்கள் பாதுகாப்பது இரும்பையன்று, அந்த உரிமையை.

வண்டி மாற்றியவை

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிள் பெருகியதால் விளைந்த மாற்றங்கள் பல. அவற்றுள் முக்கியமானவற்றைக் காண்போம்.

முதலாவது, வருமானம். மரம் சீவும் வேலை நண்பகலை ஒட்டி முடிந்துவிடும். வண்டி இல்லாதவருக்குப் பிற்பகல் வெறும் பொழுது. வண்டி உள்ளவருக்கோ அது இரண்டாவது வேலைக்கான நேரம். புல் வெட்டினர், பட்டணத்தில் தோட்ட வேலை செய்தனர், காய்கறி விற்றனர்.

இரண்டாவது, வணிகம். தோட்டத்துக் கடையை மட்டுமே நம்பியிருந்த நிலை மாறியது. பின்னிருக்கையில் பெட்டி கட்டிய ரொட்டிக்காரர், மீன்காரர், துணி விற்பவர் எனப் பலரும் லயம்வரை வந்தனர். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் என ஒரு பகுதி உண்டு. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் கடலை, முறுக்கு, பக்கோடா செய்து புகழ்பெற்ற இடம் அது. தலைச்சுமையாகத் தொடங்கிய அவ்வணிகம் மிதிவண்டிக்கு மாறி, பின்னர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பரந்தது. தமிழ் நாளிதழ்களும் வண்டியேறியே தோட்டங்களுக்கு வந்தன. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனை லயத்து வாசலில் படித்தவர்கள், அதனைக் கொண்டுவந்த வண்டியையும் மறந்திருக்கமாட்டார்கள்.

மூன்றாவது, கல்வி. ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளையை இடைநிலைப்பள்ளிப் பேருந்து நிற்கும் சந்திவரை கொண்டுபோய் விடவும், மாலையில் அழைத்து வரவும் தந்தைக்கு ஒரு வண்டி இருந்தது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு இது பெருந்துணையாயிற்று. பால்மரக் காட்டு வழியே தனியே நடந்துவரப் பெற்றோர் அஞ்சிய காலம் அது. தாய்மார்களும் ஓட்டக் கற்றார்கள். கைக் கிளட்ச் இல்லாத அமைப்பு அவர்களுக்கும் கைகொடுத்தது. முன்னே ஒரு பிள்ளை, பின்னே ஒரு பிள்ளை, கூடையில் புத்தகப் பை எனத் தமிழ்ப்பள்ளி வாயிலில் வந்து இறங்கிய தாய்மார்களை என் தலைமுறை ஆசிரியர்கள் நன்கறிவர்.

நான்காவது, வேலையும் வீடும் பிரிந்தமை. இதுவே தலையாயது. தாசேக், மெங்லெம்பு போன்ற ஈப்போத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்துகொண்டே மகன் தோட்டத்து வீட்டில் தங்கலாம் என்ற நிலை வந்தது. துரையின் வேலையைச் செய்தால்தான் துரையின் வீட்டில் வாழலாம் என்ற பழைய கட்டு, ஒரே குடும்பத்துக்குள்ளேயே தளரத் தொடங்கிற்று.

எழுபது, இ.எக்ஸ்.5, ஆர்.எக்ஸ்.இசட்

வண்டிக்காரர்களின் பேச்சில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

'எழுபது' என்பது ஹொண்டா சி70. 72 சி.சி. கொண்ட சிறு இயந்திரம். அதைப் பற்றிப் பேசுவோர் வேகத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். நம்பகத்தைப் பற்றியே பேசுவார்கள். மழையில் நனைந்தாலும் ஓர் உதையில் கிளம்பியது, பால் வாளியைச் சுமந்தது, பிள்ளைப்பேற்றுக்கு மனைவியை நள்ளிரவில் கொண்டுபோனது என்று, வீட்டு மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல் அன்போடு பேசுவார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த இ.எக்ஸ்.5, 97 சி.சி. கொண்டது. நான்கு வீச்சு இயந்திரம்; எரிபொருள் குறைவாகச் செலவாகும்; உதிரிப்பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். கறுப்பு எண்ணெயை மட்டும் நேரத்துக்கு மாற்றினால் போதும், வேறெதுவும் கேட்காது என்பது பட்டறைக்காரர்களின் ஒருமித்த கருத்து. 1996இல் கெடா குருனிலிருந்து வெளிவந்த நம் நாட்டுத் தயாரிப்பான மொடெனாஸ் கிரிஸ் போட்டிக்கு வந்தபோதும், இ.எக்ஸ்.5இன் இடம் அசையவில்லை.

யமஹா ஆர்.எக்ஸ்.இசட் வேறொரு தலைமுறையின் காதல். இரு வீச்சு இயந்திரம், 133 சி.சி. நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரியும். இரு வீச்சு ஒவ்வொரு சுழற்சியிலும் எரியும். அதனால் சிறிய இயந்திரத்திலும் மிகுந்த விசை. எண்ணெயும் சேர்ந்து எரிவதால் நீலப் புகையும் தனி மணமும் எழும். குறிப்பிட்ட சுழற்சியை எட்டியதும் வண்டி திடீரெனப் பாயும் அந்த நொடியைப் பற்றி, நரை விழுந்தவர்களும் கண்கள் மின்னப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 2011இல் உற்பத்தி நின்ற பிறகு அதன் மதிப்பு ஏறியதே ஒழிய இறங்கவில்லை. நல்ல நிலையிலுள்ள பழைய வண்டி, புதிதாக விற்ற காலத்து விலையைவிடக் கூடுதலாக விலைபோகிறது.

தமிழ்நாட்டில் இதே காலத்தில் வேறு பெயர்கள் ஒலித்தன. சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட், செல்வாக்கின் சின்னம். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, பால்காரரும் விவசாயியும் நம்பிய வண்டி. நம் கப்சாய்க்கு அங்கே உறவு தேடினால், அது புல்லட் அன்று; டி.வி.எஸ். 50 தான்.

தோட்டம் மூடியபோது

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இரப்பர் சாய்ந்தது. செம்பனை நடப்பட்டது, பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டன. இலட்சக்கணக்கான தமிழர் தோட்டங்களை விட்டு வெளியேறினர். கோயிலைப் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை. தந்தை நட்ட பலாமரத்தைக் கொண்டுபோக முடியவில்லை. பக்கத்து வீட்டு உறவுகளும் சிதறின. லாரியில் ஏற்றிய தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பின்னால், மகனோ தந்தையோ ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் மட்டும் தன் சொந்தக் காலில் வந்து சேர்ந்தது.

மலிவு விலை வீடுகளில் குடியேறியவர்களுக்கு அடுத்த வாழ்வாதாரமும் அதுவே. 150 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு ஆண்டுச் சாலை வரி இரண்டே ரிங்கிட்டாக இருந்தது. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு – தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கட்டணம் இல்லை. பாதுகாவலர், தொழிற்சாலை ஊழியர், கடிதம் கொடுப்பவர், இன்று உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் என, ஏழை வீட்டின் வருமானம் இரண்டு சக்கரங்களின் மேல்தான் ஓடியது, ஓடுகிறது.

கொடுத்த விலை

இப்புகழுரையோடு நிறுத்திக்கொண்டால் அது வரலாறாகாது. மலேசியாவில் சாலை விபத்தில் உயிரிழப்போருள் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னமர்ந்தோரும் ஆவர். 1973இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1992இல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி வந்தது. இவை உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், வாரை இறுக்காத தலைக்கவசமும், உரிமம் இல்லாத பதினைந்து வயதும், நள்ளிரவுப் பந்தயமும் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. தோட்டத்துச் செம்மண் சாலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கும், லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கும் வேறுபாடு உண்டு என்பதை நம் இளைஞர்கள் உணர்தல் வேண்டும்.

ஆசிரியர்களுள் தம் மாணவர் ஒருவரின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து இப்படி நீக்க நேர்ந்தவர்கள் பலர். அப்போது வீட்டில் தந்தை சொல்லும் சொல் பெரும்பாலும் ஒன்றே: "ஆசையா கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்." வெளியே போகும் வழி என்று எண்ணித் தந்தை கொடுத்த வண்டி அது. அவ்வழியில் பிள்ளை திரும்பி வராமல் போவதைவிடப் பெருந்துயரம் வேறில்லை. பாட்டனுக்கு விடுதலை தந்த வண்டி பேரனின் உயிரை வாங்கக் கூடாது. வண்டியின் மீது உண்மையான காதல் உள்ளவர் அதன் வலிமையை மட்டுமன்றி அதன் எல்லையையும் அறிந்திருப்பார். எழுபதை நாற்பது ஆண்டு காப்பாற்றிய முதியவர்கள் நமக்குக் காட்டும் பாடம் இதுவே. சங்கிலிக்கு எண்ணெய் இடுவதும், பிரேக்கைப் பார்ப்பதும், மழையில் மெதுவாகப் போவதும் அவர்கள் காதலின் பகுதிகள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தோட்டத்து வரலாற்றுக்கான சான்றுகள் நாளுக்கு நாள் அழிந்து வருகின்றன. லயங்கள் இடிக்கப்பட்டன, சம்பளச் சீட்டுகள் கரையான் தின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய வண்டியின் கிராண்ட் இருந்தால் அதனை வீசிவிடாதீர்கள். அதில் ஒரு பெயரும், ஒரு தேதியும், பெரும்பாலும் இன்று நிலப்படத்தில் இல்லாத ஒரு தோட்டத்தின் முகவரியும் இருக்கும். பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேளுங்கள்: முதல் வண்டி எது, எந்த ஆண்டு, முன்பணம் எவ்வளவு, யார் பிணை நின்றார், முதல் நாள் எங்கே போனீர்கள்? அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். ஒரு தோட்டம் முழுவதும் அவ்விடைகளில் இருக்கும்.